மடிப்புக்குக் குறி இல்லை

பொம்மனஹள்ளியில் சரசுவின் வீட்டுக்குள் முதல்முறை நுழைகிறவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். வீடு பெரிதில்லை. மூன்றாவது மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும்தான். ஆனால் அலமாரித் துண்டிலிருந்து அடுப்பருகே இருக்கும் கைப்பிடித் துணி வரை எல்லாம் அளவெடுத்ததுபோல மடித்து, விளிம்போடு விளிம்பு சேர்த்து அடுக்கியிருக்கும். நம் வீட்டு நாற்காலியில் குவிந்து கிடக்கும் துணி மூட்டை அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைக்கும். கொஞ்சம் அசந்தால் என்னையும் நாலாக மடித்து உள்ளே வைத்துவிடுவாள் என்று அவள் கணவர் அர்ஜுனன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

போன வருஷம் வரை அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அந்தக் கால் எப்படிப் போனது என்பது சரசுவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று அவள் நினைத்திருந்தாள். சொல்லுவதா வேண்டாமா என்று மூன்று மாதம் அவள் தனக்குள்ளேயே வெந்துகொண்டிருந்தாள்.

தர்மபுரிப் பக்கம் பாலக்கோட்டில் பிறந்தவள் சரசு. தாய்மாமன் மகனான அர்ஜுனனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அதில் பதினேழு வருஷம் ஹோசூர் ரோடில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில், ஃபினிஷிங் பிரிவில் கழிந்தது. தைத்து, தேய்த்து வரும் சட்டையை மடித்துப் பெட்டியில் அடுக்குவதுதான் அங்கே வேலை. சட்டைக்குள் அட்டையை வைத்து, கைகள் இரண்டையும் பின்னால் திருப்பி, பட்டன் வரிசை நடுவில் நேராக நிற்கும்படி மடிக்க வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் பீஸ் திரும்பி வரும். சரசு மடித்தது திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. சூப்பர்வைசர் புதிதாகச் சேர்கிற பெண்களைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் நிறுத்தி, இவங்க கையைப் பாரு, வாயைத் திறக்காதே என்பார்.

அங்கே அவள் இன்னொன்றும் கற்றுக்கொண்டாள். சட்டைக்குள் சின்ன நாடா ஒன்று தைத்திருக்கும் அல்லவா, எப்படித் துவைக்க வேண்டும் என்று படம் போட்டிருக்குமே, அந்தக் குறிகள் அத்தனையும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. கன்னடத்தில் பஸ் போர்டு படிக்கும் அளவுக்குத்தான் பழக்கம். ஆனால் தொட்டிக்குள் கை போட்டிருந்தால் கையால் துவைக்க வேண்டும், முக்கோணத்தைக் குறுக்கே அடித்திருந்தால் பிளீச் போடக் கூடாது, முறுக்கிய துணியை அடித்திருந்தால் பிழியக் கூடாது என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வாள். எம்.ஏ. படித்தவர்கள் அந்த நாடா கழுத்தில் உறுத்துகிறது என்று வெட்டி எறிகிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, சரசு வீட்டோடு ஆனாள்.

அர்ஜுனனுக்கு வேலை ஒரு குளிர்கிடங்கில். பேகூர் ரோடிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது அது. வெளியே பெங்களூர் வெயில், உள்ளே மைனஸ் இருபது. பட்டாணி, பரோட்டா, மீன் என்று பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும். ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உள்ளே நின்று இறக்கி ஏற்ற வேண்டும், பிறகு வெளியே வந்து பத்து நிமிஷம் உடம்பைச் சூடுபடுத்திக்கொள்ள வேண்டும். ஆட்களுக்குக் கால்விரல் வீங்கிக் கறுத்துப் போவது வாடிக்கை. அதனால் போன வருஷம் ஜூன் மாதத்தில் நிர்வாகம் பேட்டரியில் சூடாகும் காலுறை பத்து ஜோடி வாங்கிக் கொடுத்தது. ஆடுசதைக்கு மேலே சின்னப் பை, அதில் பேட்டரி, அங்கிருந்து பாதத்துக்கு அடியில் விரல் வரைக்கும் கம்பி. ஆட்கள் அதற்குக் கரண்ட் சாக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

முதல் மாதமே ஒருவர் பேட்டரியைக் கழற்றாமல் வாஷிங் மெஷினில் போட்டுவிட்டார். பேட்டரி உப்பிப்போய் வந்தது. கிடங்கின் சூப்பர்வைசர் கிரண் தலையில் அடித்துக்கொண்டு, இனிமேல் யாரும் வீட்டில் துவைக்கக் கூடாது, பொறுப்பான ஒரு ஆள் மொத்தமாகத் துவைக்கட்டும் என்றான். பொறுப்பான ஆள் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுவதற்குள் அர்ஜுனன் தன் மனைவி பெயரைச் சொல்லிவிட்டார்.

"அக்கா, இனிமே இதெல்லாம் உங்க ஜவாப்தாரி" என்று கிரண் பையை அவள் கையில் கொடுத்தான். மண்டியாக்காரன், அவனுக்குத் தமிழ் கன்னடத்தோடு கலந்துதான் வரும். சரசு முதல் வேலையாக ஒரு ஜோடியைப் புரட்டி, உள்ளே நாடா இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. தொட்டிக்குள் கை. முக்கோணத்தில் அடித்தல். இஸ்திரிப் பெட்டியில் அடித்தல். முறுக்கலில் அடித்தல். படுக்கப் போட்டு நிழலில் உலர்த்து என்று சதுரத்துக்குள் கோடு. பழைய சிநேகிதியைச் சந்தையில் பார்த்ததுபோல அவளுக்கு முகம் மலர்ந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பத்து ஜோடி வரும். பேட்டரிகளைக் கிரண் ஆபீசிலேயே கழற்றி வைத்துக்கொள்வான், இருந்தாலும் அவள் ஒவ்வொரு பையையும் விரல் விட்டுத் துழாவிப் பார்ப்பாள். கம்பியின் முனையில் ரப்பர் மூடியை மாட்டி, பைக்குள் தள்ளி மூடுவாள். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு, குழந்தையைக் குளிப்பாட்டுகிற பக்குவத்தில் அமுக்கி அமுக்கி எடுப்பாள். ஊறவைக்க மாட்டாள், கல்லில் அடிக்க மாட்டாள், பிழிய மாட்டாள். துண்டுக்கு நடுவில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, மொட்டைமாடியில் தகரக் கூரைக்கு அடியில் படுக்கப் போடுவாள். கிளிப் மாட்ட மாட்டாள். ஆகஸ்டில் விடாமல் தூறியபோது திங்கட்கிழமை காலை மூன்று ஜோடி லேசாக ஈரமாக இருந்தது. தர முடியாது என்றுவிட்டாள். ஆட்கள் குளிரில் நிற்கிறார்கள் அக்கா என்று கிரண் கெஞ்சினான். ஈரத்தோட பேட்டரி மாட்ட விடமாட்டேன், ரெண்டு சாதா சாக்ஸ் போட்டுக்கச் சொல்லு என்று திருப்பி அனுப்பினாள்.

அந்த நாடா சொன்ன எதையும் அவள் மீறவில்லை. இதை இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் யாரும் அவளைக் கவனமில்லாதவள் என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது.

காய்ந்த பிறகு என்ன செய்வது என்பதற்கு நாடாவில் குறி எதுவும் இல்லை. குறி இல்லாத இடத்தில் அவள் கை தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இரண்டு காலுறைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பாதத்தை நடுவில் மடித்து, விரல் பகுதியை உள்ளே செருகி, உள்ளங்கையால் அழுத்தி நீவுவாள். பத்து ஜோடியையும் அடுக்கி, மேலே ஒரு பலகை போட்டு, பலகைமேல் அரிசி டிரம்மை ஏற்றி வைப்பாள். கார்மென்ட்ஸில் அப்படித்தான், மடித்ததைப் பாரத்தில் வைத்தால்தான் மடிப்பு நிற்கும். அடுக்கும்போது அர்ஜுனனுடைய ஜோடி எப்போதும் அடியில். மற்றவர்கள் சாமான் முதலில் கைக்கு வர வேண்டும், நம் வீட்டுச் சாமான் கடைசியில்தான் என்பது அவள் மரியாதை. பாரம் முழுவதும் அந்த ஜோடிமேல்தான் இறங்கியது. திங்கட்கிழமை பையைப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கிரண் "சென்னாகிதெ அக்கா, கடையில இருந்து இப்பதான் வந்த மாதிரி" என்பான். அவளுக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் பாவாது. வாரா வாரம் மடிப்பு நூல் பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்தது.

அர்ஜுனனுக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரை சாப்பிடுவார், டீயில் சர்க்கரை வேண்டாம் என்பார், பக்கத்திலேயே இரண்டு பன் சாப்பிடுவார். கொஞ்ச காலமாகவே தரையில் நடந்தால் பஞ்சுமேல் நடப்பதுபோல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயசு ஐம்பத்திரண்டு, அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள்.

டிசம்பரில் இரண்டு பேர் காலுறை ஒரு இடத்தில் சுருக்கென்று சுடுகிறது என்று கிரணிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மட்டமான சாமான் என்று திட்டிவிட்டு அவன் அவற்றை ஒதுக்கி வைத்தான். அர்ஜுனன் எதுவும் சொல்லவில்லை. அவருக்கு எதுவும் சுடவில்லை.

ஜனவரியில், பொங்கல் கழிந்த வாரம், துவைக்கும்போது அவருடைய இடது காலுறையில் சுண்டுவிரலுக்குக் கீழே பழுப்பாக ஒரு கறை இருப்பதைச் சரசு பார்த்தாள். நாலணா அளவு. அவள் கண் கறையைத் தவறவிடாது, அதற்காகவே பழகிய கண். இது என்ன என்று கேட்டாள். கம்பூட்ஸ் சாயமாக இருக்கும் என்றார் அவர். துளி ஷாம்பூ விட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்த்தாள். முழுதாகப் போகவில்லை, மங்கியது. அடுத்த வாரம் அதே இடத்தில் கறை பெரிதாக இருந்தது, தொட்டால் அட்டை மாதிரி விறைப்பு. வாடையும் இருந்தது. அவள் பிரஷ்ஷை மாற்றிப் புதுப் பிரஷ் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம் தேய்த்தாள். அவர் ஐந்தடி தள்ளி, காலை நீட்டிப் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சல் வந்தது. போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தபோது சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் கறுத்து, பாதத்தின் ஓரம் முழுக்கச் சீழ் கட்டியிருந்தது. பெரியாஸ்பத்திரியில் முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து, பாதத்தோடு நிற்காது, முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

இந்தப் புண் எதனால் என்று டாக்டர் கேட்டிருந்தார், தீக்காயம் மாதிரி இருக்கிறது என்றார். அதனால் கிரண் மறுநாள் மதியம் அந்தக் காலுறையின் அட்டைப் பெட்டியோடு வந்தான். பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது, இத்தனை மாதமும் அவன் மேசை டிராயரில் கிடந்தது. முதல் பக்கத்தை நான் அன்னிக்கே எல்லாருக்கும் படிச்சுச் சொல்லிட்டேன் என்றான். பின்பக்கம் துவைக்கும் விதம், அதுதான் அக்காவுக்கே தெரியுமே என்று விட்டுவிட்டேன் என்றான். பாவம், அவனுக்கும் முகம் செத்திருந்தது. சரசுவின் மகள் சௌம்யா பின்பக்கத்தை வாங்கி ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று தமிழில் படித்துச் சொன்னாள். கையால் துவைக்கவும். பிழிய வேண்டாம். நிழலில் உலர்த்தவும். சரசு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள், எல்லாம் அவள் செய்ததுதான்.

"மடிக்கக் கூடாதாம்மா" என்றாள் சௌம்யா. "தொங்கவிடணுமாம், இல்ல தளர்வா சுருட்டி வைக்கணுமாம். மேல பாரம் எதுவும் வைக்கக் கூடாதாம். உள்ள கம்பி ஒடஞ்சா அந்த எடத்துல மட்டும் சூடு ஏறுமாம்."

சௌம்யா அடுத்த வரியைப் படிக்காமல் நிறுத்தினாள். படி என்றாள் சரசு. பழுப்புக் கறையோ விறைப்போ தெரிந்தால் உடனே உபயோகத்தை நிறுத்த வேண்டும் என்று அடுத்த வரி சொன்னது.

அப்பாகிட்ட நான் சொல்றேன், நீ சொல்லாதே என்று மகளிடம் கேட்டுக்கொண்டாள். ஆனால் சொல்லவில்லை. ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்தாள். புண் ஆறட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வரட்டும் என்று நினைத்தாள். மூன்றாவது மாடிக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிவந்தார்கள். வந்த பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவர் ஒரே கதையைச் சொன்னார். சாமான் செய்தவன் மோசம், என் பெண்டாட்டி துவைத்ததில் குறையே கிடையாது, அந்த மாதிரி இந்த பெங்களூரிலேயே யாரும் துவைக்க முடியாது என்பார். வருகிறவர்கள் சரசுவைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு எங்காவது ஓடிவிடலாம்போல இருக்கும். ஒரு அறை வீட்டில் எங்கே ஓடுவது? சமையல் மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள்.

கிடங்கில் மீதி இருந்த ஜோடிகளை நிர்வாகம் திருப்பி வாங்கிக்கொண்டது. வீட்டிலும் அவள் மடிப்பதை நிறுத்தியிருந்தாள். துவைத்த துணி கயிற்றிலேயே கிடக்கும், வேண்டும்போது உருவிக்கொள்வார்கள். அர்ஜுனன் அதைக் கவனித்தார், இவளுக்கு என்னைப் பார்த்துக்கொள்ளவே நேரம் சரியாக இருக்கிறது என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். இது அவளை இன்னும் குத்தியது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூட வேலை பார்த்த கோவிந்தன் வந்துவிட்டுப் போனார். அவரிடமும் அதே கதை. கோவிந்தன் படியிறங்கும் சத்தம் அடங்கும்வரை சரசு காத்திருந்தாள். பிறகு கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"மாமா, இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாத. கம்பி ஒடஞ்சது என் கையாலதான்."

மடித்தது, அழுத்தி நீவியது, பலகை, அரிசி டிரம், அவருடைய ஜோடியை எப்போதும் அடியில் வைத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். கறையைப் பார்த்ததையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. பத்து ஜோடி சாக்ஸை உள்ளும் புறமும் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், ஒரு தடவை உன் காலைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்றாள். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

அர்ஜுனன் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார்.

"மொதல் நாள் கிரண் அந்தக் காகிதத்தைப் படிச்சான்" என்றார். "சர்க்கரை இருக்கறவங்க இதைப் போடக் கூடாதுன்னு போட்டிருக்கு, இங்க யாருக்காச்சும் இருக்கான்னு கேட்டான். பத்து பேரு நின்னோம். நான் கையத் தூக்கல."

சரசு நிமிர்ந்து பார்த்தாள்.

"தூக்கினா என்னை வெளிய எடுத்துடுவாங்க சரசு. சர்க்கரைக்காரன ஃப்ரீஸர்ல வச்சிருக்க மாட்டாங்க. நீ கறையப் பாத்த வாரமே பூட்ஸுக்குள்ள ஈரமா இருந்தது. வேர்வைன்னு நெனைச்சுக்கிட்டேன். வேர்வை இல்லேன்னும் தெரியும். உங்கிட்ட சாயம்னு சொன்னேன்."

இரண்டு பேர் தப்பு என்று தெரிந்தால் தன்மேல் இருக்கும் பாரம் பாதியாகும் என்று நாம் நினைப்போம். சரசுவுக்கு அப்படி ஆகவில்லை. அவளுடையது அவளிடம் அப்படியே இருந்தது, அவருடையது புதிதாக வந்து அதன்மேல் உட்கார்ந்தது. இந்த மூன்று மாதமும் தன்னை அவர் ஊர் முழுக்கப் புகழ்ந்தது எதற்காக என்று இப்போது அவளுக்கு விளங்கியது. அவளுக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஏன்யா, கையைத் தூக்கியிருந்தா வேலைதானே போயிருக்கும் என்று கேட்டாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

பிறகு சரசு எழுந்து, ஜன்னல் திரையை முழுக்க ஒதுக்கினாள். கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குதிகாலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இடுக்கில் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்ல விடு. வலி கிலி எதுவும் எனக்குத் தெரியல" என்றார் அவர்.

"ஒனக்குத் தெரியாது மாமா" என்றாள் சரசு. "அதான் நான் பாக்குறேன்."